தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

சென்ற இதழில் தாந்தேயையும் எலியட்டையும் முன்வைத்து நண்பர் எழுதியிருந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். படிமம், அனுபவம், தரிசனம் என்ற மூன்று சொற்களை எடுத்துவிட்டால் அதில் மிஞ்சுவது ஒரே ஒரு வாதம்தான். கிறிஸ்தவக் கவிஞர்களின் கடவுளை நாம் நியாய அநியாயம் என்ற அளவுகோலால் அளக்கக் கூடாது. அது சிற்பத்தைத் தராசில் வைத்து எடை பார்ப்பது போல. நரகம் என்பது ஒரு மனநிலை, மறுமை என்பது ஒரு படிமம். கவிதைக்குள் போகிறவன் தன் ஒழுக்க விசாரத்தைச் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிட்டுப் போக வேண்டும். இந்த வாதம் நண்பருடையது அல்ல. 1927-ல் ஞானஸ்நானம் பெற்ற எலியட் 1929-ல் தாந்தே பற்றி எழுதியபோது, கவிதையை ஏற்பது வேறு, கவிஞனின் நம்பிக்கையை நம்புவது வேறு என்று ஒரு கோடு கிழித்தார். அந்தக் கோட்டை நம் கல்லூரி ஆங்கில வகுப்புகள் பத்திரமாகக் காப்பாற்றி வருகின்றன. நானும் பி.ஏ.யில் அதை எழுதி மார்க் வாங்கியவன்தான்.

என் ஆட்சேபம் ரொம்பச் சாதாரணமானது. தாந்தே நரகத்தை மனநிலை என்று நினைக்கவில்லை. பூமிக்கு அடியில் அதற்கு இடம் உண்டு, வட்டங்கள் உண்டு, ஆட்கள் உண்டு. ஆட்களுக்குப் பெயர் உண்டு. கதை நடப்பதாகச் சொல்லப்படும் 1300-ல் போப் எட்டாம் போனிஃபஸ் உயிரோடு இருக்கிறார். அவருக்கும் அங்கே ஒரு குழி தயாராக இருக்கிறது. தன் ஊர்க்காரர்களைப் பெயர் சொல்லி நித்திய வேதனையில் போட்ட கவிஞனிடம், 'ஐயா, நீர் சொன்னதெல்லாம் படிமம்தானே' என்று கேட்பது மரியாதை ஆகாது. அவன் சொன்னதை அவன் சொன்ன அர்த்தத்திலேயே எடுத்துக்கொண்டு, அது சரியா என்று கேட்பதுதான் மரியாதை. நண்பர் தாந்தேயைக் காப்பாற்றுகிறேன் என்று அவன் வாயை அடைக்கிறார்.

இப்படிக் கேட்க ஆரம்பித்ததும் இரண்டு பக்கத்திலிருந்து கைதட்டல் வரும். இரண்டும் எனக்கு வேண்டாம். ஒன்று, கிறிஸ்தவத்தை எவன் அடித்தாலும் தன் கோவிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது போல் சந்தோஷப்படுகிற கூட்டம். நொண்டியாய்ப் பிறந்தவனைப் பார்த்துப் போன ஜன்மத்துப் பாக்கி என்று சொல்லும் கர்மக் கணக்கைவிடக் கிறிஸ்தவ நரகம் கொடியது அல்ல. செத்த பிறகாவது அது ஆரம்பிக்கிறது. இன்னொன்று, யோபுவின் புத்தகத்தை ஒரு வரிகூடப் படிக்காமல் 'எல்லாம் கட்டுக்கதை' என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடும் பகுத்தறிவு. கட்டுக்கதை என்றே வைத்துக்கொள்வோம். ஆயிரத்தைந்நூறு வருஷம் கோடிக்கணக்கான ஜனங்கள் அதை நம்பிக்கொண்டு பிள்ளைகளைப் புதைத்திருக்கிறார்கள். அது என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டாமா? நான் திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பம். ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கியவன். வீட்டுக்குள் இருந்து கேட்கிறேன்.

யோபுவையே முதலில் எடுத்துக்கொள்கிறேன், நண்பர் அதை உன்னதக் கவிதை என்று சொல்லியிருப்பதால். உன்னதக் கவிதைதான். பெருங்காற்றிலிருந்து கர்த்தர் பேசும் அதிகாரங்களைப் போல் எழுத இன்னும் எவனுக்கும் கை வரவில்லை. ஆனால் அந்தக் கவிதைக்கு முன்னும் பின்னும் வசனத்தில் ஒரு கதை இருக்கிறது. பிழைப்புக்கு வங்கியில் கணக்கு எழுதுகிறவன் நான். என் கண் அங்கேதான் போகிறது. முதல் அதிகாரத்தில் யோபுவுக்கு 7,000 ஆடு, 3,000 ஒட்டகம், 500 ஏர்மாடு, 500 கழுதை, 7 மகன்கள், 3 மகள்கள், திரளான வேலையாட்கள். பரலோகத்தில் சாத்தானோடு நடந்த ஒரு பந்தயத்துக்காக அத்தனையும் ஒரே நாளில் போகிறது. கடைசி அதிகாரத்தில் 14,000 ஆடு, 6,000 ஒட்டகம், 1,000 ஏர்மாடு, 1,000 கழுதை. எல்லாம் அப்படியே இரட்டிப்பு. பிள்ளைகள் மட்டும் பழையபடி 7 மகன்கள், 3 மகள்கள்.

பிள்ளைகளை ஏன் இரட்டிக்கவில்லை? இதற்குப் பழைய விளக்கம் ஒன்று உண்டு: முதல் பத்துப் பேரும் பரலோகத்தில் உயிரோடிருக்கிறார்கள், ஆகவே மொத்தம் 20, கணக்கு சரி. இதைச் சொல்லும் போதகர்களின் முகத்தில், மாலை ஆறு மணிக்கு டேலி ஆகிவிட்ட குமாஸ்தாவின் நிம்மதியைப் பார்த்திருக்கிறேன். ஆனால் யோபுவுக்கு அந்தப் பரலோகம் தெரியாது. வெட்டிய மரமாவது தண்ணீரின் வாசனை பட்டால் துளிர்க்கும், செத்த மனிதன் எழுந்திருப்பதில்லை என்பதுதான் 14-ஆம் அதிகாரத்தில் அவன் பேச்சின் சாரம். 19-ஆம் அதிகாரத்தில் மீட்பரைப் பற்றி வரும் இடத்தைக் காட்டுவார்கள். அங்கே மூல எபிரேயம் எவ்வளவு குழம்பிக் கிடக்கிறது என்பது மொழிபெயர்ப்புகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தாலே தெரியும். அந்த மண்ணில் ஒரு மறுமையையே கட்டி எழுப்புவது அசாத்திய தைரியம்.

பிள்ளைகளாவது ஏதோ ஒரு பத்தியில் வருகிறார்கள். புதிதாகப் பிறந்த மூன்று மகள்களுக்கு எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக் என்று பெயர்கூடச் சொல்லப்படுகிறது. வேலையாட்கள்? சபேயரும் கல்தேயரும் அவர்களைப் பட்டயத்தால் வெட்டிப் போட்டார்கள். ஆடு மேய்த்தவர்களை வானத்திலிருந்து விழுந்த அக்கினி தின்றது. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவன் மட்டும் தப்புகிறான், அதுவும் எஜமானிடம் வந்து சேதி சொல்வதற்காக. கடைசி அதிகாரத்தின் ஐந்தொகையில் இவர்கள் எந்தப் பக்கத்திலும் இல்லை. இரட்டிக்கவும் இல்லை, ஈடுகட்டவும் இல்லை. ஒருவனுடைய பக்தி சுத்தமானதா என்று பார்க்க வேறு சிலரின் உயிரைச் செலவு எழுதிய கடவுளை, அந்த ஒருவனுடைய கண்ணீரை மட்டும் வைத்து இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக ரசித்து வருகிறோம். யுங் 1952-ல் யோபுவைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். மனிதன் அந்த இடத்தில் கடவுளைவிட ஒழுக்கத்தில் உயர்ந்து நிற்கிறான் என்பது அவர் கட்சி. அவருக்கும் யோபுதான் கண்ணில் பட்டான். வேலைக்காரன் படவில்லை.

கடனைப் பற்றியும் பேச வேண்டும். அது என் தொழில். கான்டர்பரி ஆர்ச்பிஷப் ஆன்ஸெல்ம் 1098 வாக்கில் முடித்த நூல், கடவுள் ஏன் மனிதரானார் என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறது. பாவம் என்பது கடவுளின் மகிமைக்குப் பட்ட கடன். பட்டவன் மனிதன். எல்லையற்றவருக்குப் பட்டதால் கடனும் எல்லையற்றது. மனிதன் கட்ட வேண்டும், ஆனால் கடவுளால்தான் கட்ட முடியும். ஆகவே கடவுளும் மனிதனுமான ஒருவர் கட்டினார். ஞாயிற்றுக்கிழமைதோறும் நம் சபைகளில் பாடப்படும் பாட்டுகளில் பாதிக்கு அடியில் ஓடுவது இந்தக் கணக்கு. இதை எந்தக் கிளையிலாவது நான் பதிவு செய்தால் ஆடிட்டர் கூப்பிட்டுக் கேட்பார். ஒரே ஆளின் ஒரு கணக்கிலிருந்து எடுத்து அதே ஆளின் இன்னொரு கணக்கில் போட்டிருக்கிறாய், இது வெறும் கான்ட்ரா என்ட்ரி, வசூல் எங்கே என்பார். நடுவில் ஒருவன் ஆணியில் தொங்கிச் செத்திருக்கிறான் என்பதுதான் இந்தப் பதிவில் நிஜமான ஒரே விஷயம். ஒரு குற்றமற்றவனின் ரத்தத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு சமாதானம் ஆகிறவர் எப்படி நல்லவர் என்று அடுத்த தலைமுறையிலேயே அபெலார் கேட்டுவிட்டான். அவன் வேறு காரணங்களுக்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டான் என்பது தனிக்கதை.

வேடிக்கை என்னவென்றால், இயேசுவுக்கு இந்தக் கணக்கு தெரிந்ததாகவே தோன்றவில்லை. மத்தேயு 18-ல் அவர் சொல்லும் கதையில் ஒரு வேலைக்காரன் ராஜாவுக்கு 10,000 தாலந்து பாக்கி. ஒரு தாலந்து சுமார் 6,000 நாள் கூலி. மொத்தம் 6 கோடி நாள் கூலி. வாராக்கடன் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ராஜா என்ன செய்கிறான்? இரங்கித் தள்ளுபடி செய்கிறான். தன் மகனைக் கூப்பிட்டுக் கட்டச் சொல்லவில்லை. லூக்கா 15-ல் சொத்தை அழித்துவிட்டு வரும் இளைய மகனிடமும் தகப்பன் எந்தப் பரிகாரமும் கேட்கவில்லை. தூரத்தில் கண்டதுமே ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்கிறான். ஆனால், அந்த ராஜாவின் கதை அங்கேயே முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையே எழுத வேண்டாம். முடியவில்லை. அந்த வேலைக்காரன் தனக்கு 100 வெள்ளிப்பணம் தர வேண்டிய இன்னொருவனின் தொண்டையைப் பிடிக்கிறான். ராஜா தள்ளுபடியை ரத்து செய்து, கடன் முழுவதும் கட்டும்வரை வாதிக்கிறவர்களிடம் அவனை ஒப்புக்கொடுக்கிறான். 6 கோடி நாள் கூலியை வாதையில் இருந்துகொண்டு எப்படிக் கட்டுவது? இரக்கமும் நித்திய வேதனையும் ஒரே வாயிலிருந்து ஒரே கதையில் வருகின்றன. முதல் பாதியை இயேசுவுக்கும் இரண்டாம் பாதியைச் சபைக்கும் பங்கு போட்டுவிட்டு நிம்மதியாய் இருக்க நான் தயாராக இல்லை.

மறுமை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டுப் பேசுவது அநியாயம். பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதியில் செத்தவர்கள் பாதாளத்தில் நிழலாய்க் கிடக்கிறார்கள், நல்லவனும் கெட்டவனும் ஒன்றாக. கி.மு. 167-ஐ ஒட்டி அந்தியோக்கு எபிபானேஸ் யூதர்களைத் தங்கள் சட்டத்தை விடச் சொல்லி வதைத்தபோது, விடாதவர்கள் செத்தார்கள், விட்டவர்கள் பிழைத்தார்கள். நியாயப்பிரமாணத்தைக் காப்பாற்றினால் நீடித்த ஆயுசு என்ற பழைய வாக்கு அங்கே உடைந்தது. தானியேலின் கடைசி அதிகாரத்திலும், இரண்டாம் மக்கபேயர் நூலில் தாயின் கண்ணெதிரே ஏழு சகோதரர்கள் வதைபட்டுச் சாகும் கதையிலும் உயிர்த்தெழுதல் பேசப்படுவது அந்தக் காலத்தின் காயத்திலிருந்து. கொல்லப்பட்டவனுக்கு ஒரு நியாயம் வேண்டும் என்ற கூக்குரல் அது. அதைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது. கீழ்வெண்மணியில் 1968-ல் குடிசைக்குள் எரிந்த 44 பேருக்கு எந்த நீதிமன்றமும் நியாயம் வழங்கவில்லை. உயர்நீதிமன்றம் குற்றவாளிகளை விடுவித்தது. இன்னொரு நீதிமன்றம் எங்கேயாவது இருக்கக் கூடாதா என்று அப்போது ஒருவன் நினைத்திருந்தால் அவனை நான் மூடநம்பிக்கைக்காரன் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தக் கூக்குரலைச் சபை என்ன செய்தது? வதைத்தவனுக்கு எதிராக எழுந்ததை ஞானஸ்நானம் பெறாதவனுக்கு எதிராகத் திருப்பியது. அந்தியோக்குவுக்காகத் தோண்டிய குழியில் பச்சைக் குழந்தையைப் போட்டது. ஞானஸ்நானம் இல்லாமல் செத்த சிசுக்களுக்கும் தண்டனை உண்டு, ஆனால் இருப்பதிலேயே லேசான தண்டனை என்றார் அகஸ்டின். பின்னால் வந்தவர்களுக்கு இதுகூடப் பொறுக்கவில்லை. வேதனை இல்லாத, ஆனால் கடவுளும் இல்லாத ஒரு விளிம்பு நிலையைக் கண்டுபிடித்து லிம்போ என்று பெயர் வைத்தார்கள். எங்கள் வங்கியிலும் அது உண்டு. எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். 2007-ல் வத்திக்கானின் சர்வதேச இறையியல் ஆணையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. லிம்போ என்பது மீட்பைப் பற்றிய குறுகலான பார்வை, அந்தக் குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்புவதற்கு வலுவான ஆதாரங்கள் உண்டு, ஆனாலும் இது நம்பிக்கைதான், நிச்சயமான அறிவு அல்ல என்கிறது அது. நல்ல மனசோடு எழுதப்பட்ட அறிக்கை. கல்லறை மதிலுக்கு வெளியே தன் குழந்தையைப் புதைத்துவிட்டு, அது எங்கே போயிற்று என்று தெரியாமலே செத்த தாய்மாருக்கு அது கொஞ்சம் தாமதம்.

இந்த இடத்தில் படித்த கிறிஸ்தவர்கள் சி. எஸ். லூயிஸைக் கூப்பிடுவார்கள். கடவுள் யாரையும் நரகத்தில் தள்ளுவதில்லை. மனிதன் தன் சுதந்திரத்தால் தானே அதைத் தேர்ந்துகொள்கிறான். நரகத்தின் தாழ்ப்பாள் உட்பக்கம்தான் இருக்கிறது என்பது லூயிஸ் 1940-ல் சொன்ன சமாதானம். புத்திசாலித்தனமான சமாதானம். நண்பருடைய 'மனநிலை'யும் இதன் தம்பிதான். சுவிசேஷத்தோடு மட்டும் இது ஒட்டவில்லை. லூக்கா 16-ஐத் திறந்து பாருங்கள். வாசலில் புண்ணோடு கிடந்த லாசருவைக் கவனிக்காத ஐசுவரியவான் செத்து அக்கினியில் கிடக்கிறான். அவன் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டா உட்கார்ந்திருக்கிறான்? ஒரு விரல்நுனித் தண்ணீர் கேட்கிறான். இடையில் பெரும் பிளவு போடப்பட்டிருக்கிறது, இங்கிருந்து அங்கே வர நினைத்தாலும் முடியாது, அங்கிருந்து இங்கேயும் முடியாது என்கிறார் ஆபிரகாம். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்பதைச் சொன்னவர் இயேசு, லூயிஸ் அல்ல.

கதையின் முதல் பாதி எனக்கு உடன்பாடு. ஏழையின் புண்ணை நாய் நக்க, உள்ளே பட்டு உடுத்திச் சாப்பிட்டவன்மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் தகும். அதன் பிறகு நடப்பதைத்தான் நம் பிரசங்கிகள் வேகமாகத் தாண்டிப் போகிறார்கள். தனக்குத் தண்ணீர் இல்லை என்று தெரிந்த பிறகு அந்த மனிதன் தன்னைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிடுகிறான். வீட்டில் ஐந்து சகோதரர்கள் இருக்கிறார்கள், அவர்களும் இந்த இடத்துக்கு வராதபடி லாசருவை அனுப்பி எச்சரியுங்கள் என்று கெஞ்சுகிறான். வாழ்நாள் முழுதும் வாசற்படியைத் தாண்டி யாரையும் பார்க்காதவன், நெருப்பில் கிடந்துகொண்டு அடுத்தவனைப் பற்றி யோசிக்கிறான். அவர்களுக்கு மோசேயும் தீர்க்கதரிசிகளும் இருக்கிறார்கள், அது போதும் என்று ஆபிரகாம் மறுக்கிறார். அந்தக் காட்சியில் இரக்கம் இருப்பது எந்தக் கரையில்? மனந்திரும்புதல் என்று சபை எதைச் சொல்கிறதோ அது நரகத்தில் நடந்துவிட்டது. சொர்க்கத்தில் அதைக் கண்டுகொள்ள ஆள் இல்லை.

இது ஏதோ ஒரு உவமையின் விபத்து என்று தள்ளிவிட முடியாது. தாமஸ் அக்வினாஸ் 1274-ல் இறந்த பிறகு அவருடைய முந்தைய எழுத்திலிருந்து தொகுத்து சும்மாவின் பிற்சேர்க்கையாக வைத்த பகுதியில் இதே கேள்வி நிதானமாக ஆராயப்படுகிறது. பரிசுத்தவான்கள் நரகவாசிகளின் தண்டனையைப் பார்ப்பார்களா? பார்ப்பார்கள், தங்கள் பாக்கியத்தின் அருமை கூடுதலாய்த் தெரிவதற்காக. இரங்குவார்களா? மாட்டார்கள். சந்தோஷப்படுவார்களா? வேதனைக்காக அல்ல, அதில் விளங்கும் தெய்வ நீதிக்காகவும் தாங்கள் தப்பித்ததற்காகவும் சந்தோஷப்படுவார்கள். அக்வினாஸ் கொடூரமானவர் அல்ல. கொடுத்த சூத்திரத்தைத் தப்பில்லாமல் போட்டு விடை எழுதும் நல்ல மாணவர். மகன் எரிவதைப் பார்த்துக்கொண்டே தாய் சுகமாய் இருக்க வேண்டுமென்றால், ஒன்று அவளுக்கு மறதி வேண்டும், அல்லது அவள் தாயாக இருப்பது நிற்க வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் சொர்க்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது அவள் அல்ல.

இதையே பதினாறாம் நூற்றாண்டில் சில ஜப்பானியர்கள் இன்னும் நேராகக் கேட்டார்கள். பிரான்சிஸ் சேவியரை நமக்குத் தெரியும். 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவர்களிடையே தமிழில் ஜெபங்களை ஒப்பிக்கச் சொல்லித் திரிந்தவர். 1549-ல் ஜப்பானுக்குப் போனார். திரும்பி வந்து 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், அங்கே தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை மறைக்காமல் எழுதியிருக்கிறார். உம்முடைய கடவுள் நல்லவரென்றால் இத்தனை காலம் எங்களிடமிருந்து ஏன் ஒளிந்திருந்தார்? எங்கள் முன்னோர்களுக்கு ஏன் சொல்லவில்லை? அவர்கள் இப்போது எங்கே? நரகத்தில் போனவர்களுக்கு மீட்சி இல்லை என்பது அவர் சொன்ன பதில். கிறிஸ்தவர்களானவர்களே தங்கள் தாய் தகப்பனையும் மூதாதையரையும் நினைத்து அழுதார்கள், ஜெபத்தாலோ தர்மத்தாலோ ஏதும் செய்ய முடியாதா என்று கேட்டார்கள், இல்லை என்றேன் என்று எழுதுகிறார். அவர்கள் அழுவதைப் பார்த்துத் தனக்கும் துக்கம் வந்ததாக ஒப்புக்கொள்கிறார். அந்தத் துக்கம்தான் அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்தது. ஒரு கணம் சேவியர் தன் கடவுளைவிட நல்லவராக இருந்திருக்கிறார். பிறகு கப்பலேறி அடுத்த தேசத்துக்குப் புறப்பட்டுவிட்டார்.

இந்த ஜப்பானியர்களின் கேள்வி எங்கள் வீட்டிலும் உண்டு. என் பாட்டனாரின் தகப்பனார் ஞானஸ்நானம் பெற்றவர். அவரைப் பெற்றவள் பெறவில்லை. மகன் கும்பிடுவதை மகன் கும்பிடட்டும், நான் கும்பிட்டதை நான் விட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அவன் வீட்டிலேயே இருந்து, அவன் பிள்ளைகளை வளர்த்துவிட்டுச் செத்துப்போனாளாம். அவள் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. குடும்ப வேதாகமத்தின் முன்தாளில் எழுதி வைத்திருக்கும் பிறப்பு இறப்புப் பட்டியல் அவள் மகனிலிருந்துதான் தொடங்குகிறது. பத்து வயதில் ஞாயிறு பள்ளியில் கேட்டேன்: அவள் எங்கே இருக்கிறாள்? 'அது ஆண்டவருக்குத் தெரியும், நீ வசனத்தைப் படி' என்றார் டீச்சர். நல்ல பெண்மணி. அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் தெரியும், சொல்ல மனசு வரவில்லை, அவ்வளவுதான். நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று கத்தோலிக்கக் குடும்பங்கள் கல்லறையில் புல் செதுக்கி, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுகின்றன. அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிறவனின் கையும் அந்தக் கையும் எனக்கு ஒன்றாகத்தான் படுகின்றன. செத்தவர்களைக் கைவிடச் சொல்லும் எந்த சாஸ்திரத்தையும் ஜனங்கள் முழுசாக ஏற்றுக்கொண்டதில்லை.

சபைக்குள்ளேயே ஏற்காதவர்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன், கடைசியில் எல்லா உயிரும் கடவுளிடம் திரும்பும் என்று எண்ணினான். அவன் செத்து முந்நூறு வருஷம் கழித்து 553-ல் கான்ஸ்டாண்டிநோப்பிள் சங்கம் அவனைச் சபித்தது. நீசாவின் கிரிகோரி ஏறக்குறைய அதையே சொல்லிவிட்டுப் புனிதராகத் தப்பித்துவிட்டார். 2019-ல் டேவிட் பென்ட்லி ஹார்ட் என்ற கிழக்கத்திய சபை இறையியலாளர், நித்திய நரகம் உண்டென்றால் படைத்தவரை நல்லவர் என்று அழைப்பதற்கில்லை என்று ஒரு முழுப் புத்தகத்தில் சண்டை போட்டிருக்கிறார். விசுவாசியான அவருக்கே கேட்கத் தோன்றிய கேள்வி, விசுவாசியல்லாத நம் விமர்சகர்களுக்கு ரசக்குறைவாகப் படுகிறது.

கடைசியில் எல்லாச் சமாதானமும் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: கடவுளின் நன்மை மனிதனின் நன்மையைப் போன்றது அல்ல, அது நம் அறிவுக்கு அப்பாற்பட்டது. இதற்கு ஜான் ஸ்டூவர்ட் மில் 1865-ல், ஹாமில்டனின் தத்துவத்தை ஆராய்ந்து எழுதிய புத்தகத்தில் பதில் சொல்லிவிட்டார். சக மனிதனை நல்லவன் என்று சொல்லும்போது நான் எதைக் குறிக்கிறேனோ அதைக் குறிக்காத இடத்தில் அந்தச் சொல்லை வழங்க மாட்டேன். வழங்காததற்காக நரகத்துக்கு அனுப்பினால் போகிறேன் என்பது அதன் சாரம். 1823 முதல் 1858 வரை 35 வருஷம் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் ஆபீசில் உத்தியோகம் பார்த்தவர் மில், அதுவும் குமாஸ்தாவாகச் சேர்ந்து. ஒரு தலைப்பில் வரவு வைத்ததை இன்னொரு தலைப்பில் காட்டக் கூடாது என்பது அந்த மேஜையில் பழகிப்போயிருக்கும். (அந்தக் கம்பெனி இந்தியாவில் செய்ததற்கு அவர் எந்தத் தலைப்பு வைத்திருந்தார் என்பது வேறு கட்டுரைக்கு உரியது.)

இலக்கிய விமர்சனத்தில் இந்த நேர்மையைக் காட்டியவர் வில்லியம் எம்ப்ஸன். 1961-ல் வந்த அவருடைய மில்டன் புத்தகம் அந்தக் காலத்துப் பேராசிரியர்களை எரிச்சல்படுத்தியது. மில்டன் தன் கடவுளை நியாயப்படுத்தப் புறப்பட்டு, ஒரு நேர்மையான மனிதனாக ஒவ்வொரு ஓட்டையையும் தானே திறந்து காட்டிவிடுகிறான், கவிதையின் பலமே அதுதான் என்றார் எம்ப்ஸன். ஜப்பானிலும் சீனாவிலும் வருஷக்கணக்கில் பாடம் சொல்லி, புத்தர் சிலைகளைத் தேடித் திரிந்த மனிதர் அவர். வெளியே போய்விட்டு வந்தவனுக்குத்தான் வீட்டு நாற்றம் தெரியும். எலியட்டை வரி வரியாகத் தெரிந்த நம் பத்திரிகை உலகில் எம்ப்ஸன் என்றால் 'ஏழுவகை மயக்கம்' மட்டும்தான். அந்த மில்டன் புத்தகத்தை யாரும் தொடுவதில்லை.

தாந்தேயே இந்தக் கேள்வியை அறியாதவன் அல்ல. பாரதீசோவின் 19-ஆம் காண்டத்தில் நீதிமான்களின் ஆத்மாக்கள் சேர்ந்த கழுகின் முன் நிற்கிறான். அவன் மனசுக்குள் வருஷக்கணக்காய்க் கிடந்த சந்தேகத்தைக் கழுகே சொல்கிறது: சிந்து நதிக்கரையில் ஒருவன் பிறக்கிறான், கிறிஸ்துவைப் பற்றிப் பேசவோ எழுதவோ அங்கே ஆள் இல்லை, அவன் நினைவும் செயலும் நல்லவை, ஞானஸ்நானம் இல்லாமல் சாகிறான், அவனைத் தண்டிக்கும் நீதி எங்கே இருக்கிறது? உலகத்தில் எத்தனையோ நதி இருக்க, தாந்தேயின் நினைவு இந்தப் பக்கம் வந்தது. கழுகின் பதில், சாண் தூரப் பார்வையை வைத்துக்கொண்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பதைத் தீர்ப்புச் சொல்ல நீ யார் என்பது. அப்புறம் கொஞ்சம் இளகி, கிறிஸ்துவே கிறிஸ்துவே என்று கூவும் பலர் அந்த நாளில் அவரை அறியாதவனைவிட அவருக்குத் தூரமாய் நிற்பார்கள் என்கிறது. சிந்துக்கரைக்காரனுக்கு மட்டும் தீர்ப்புச் சொல்லப்படவில்லை.

அடுத்த காண்டத்தில் இன்னும் விசித்திரம். அந்தக் கழுகின் கண்ணிமையில் ட்ராய் நகரத்து ரிஃபேயஸ் இருக்கிறான். கிறிஸ்துவுக்கு ஆயிரம் வருஷம் முந்தியவன். அவனை நாம் அறிவது வர்ஜிலின் காவியத்தில் சில வரிகளால் மட்டும். நியாயவான் என்று வர்ஜில் சொல்லிவிட்டுப் போன ஒரு துணைப்பாத்திரம். பாத்திரம் சொர்க்கத்தில். எழுதியவன் லிம்போவில். இதைத் தாந்தே தெரியாமல் செய்தான் என்று நினைக்கிறவர்கள் கவிதை படிக்க வேண்டாம். அதற்கும் முன்னால் புர்கத்தோரியோவின் 30-ஆம் காண்டத்தில், நரகம் முழுதும் கைபிடித்து அழைத்து வந்த வர்ஜிலிடம் ஏதோ சொல்லத் திரும்புகிறான், வர்ஜில் இல்லை. அழுகிறான். வர்ஜில் போனதற்காக இப்போது அழாதே, உனக்கு வேறு அழுகை இருக்கிறது என்கிறாள் பியாத்ரீசே. மொத்தக் காவியத்தில் தாந்தே என்ற பெயர் வருவது அந்த ஒரு இடத்தில்தான், அந்த அதட்டலில்தான். சித்தாந்தம் பியாத்ரீசேயின் பக்கம். கவிதை அந்த அழுகையின் பக்கம். நண்பர் சொன்னபடி நம் நியாய அநியாயங்களை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போயிருந்தால், அவன் எதற்காக அழுகிறான் என்றே நமக்குத் தெரிந்திருக்காது.

நண்பர் பதில் எழுதுவார் என்று தெரியும்; எழுத வேண்டும். யோபு 42, லூக்கா 16, பாரதீசோ 19 மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதட்டும். எலியட்டை இந்த ஒரு தடவை அலமாரியிலேயே விட்டுவிடலாம்.